ஹாங்காங் கேட்டால் தைவான்

ஃபர்ஸானா சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவள், நான் நிமிர்ந்ததும் சிரித்தாள், சிரித்துவிட்டு மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு எனக்கு, பேச்சு வேறு யாருக்கோ. சிரிப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்த முதுகில்தான் என்னவோ இருக்கிறது. மூன்று மணிக்குக் கூட்டம். நான் சாப்பிட்ட கையோடு இந்த அறைக்கு வந்துவிட்டேன், முதலில் வந்து உட்கார்ந்தவளை எழுப்ப யாருக்கும் மனம் வராது என்ற கணக்கில். அறையின் பெயர் தாமிரபரணி. எங்கள் அலுவலகத்தில் எல்லா அறைக்கும் ஆற்றின் பெயர், குடிக்கத் தண்ணீர் மட்டும் வெளியே போய்த்தான் பிடித்து வரவேண்டும். லேப்டாப்பைச் சுவரிலிருக்கும் பெரிய டிவியோடு கோர்த்துவிட்டேன், அழைப்பு தொடங்கியதும் ஷேர் பொத்தானை அழுத்தினால் போதும். ஏசி நேராகப் பிடரியில் அடிக்கிறது. இதற்கும் ரிமோட் யாரிடமோ இருக்கும், கேட்டால் யாரிடமும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணைச் சதுப்பு, அதற்கப்பால் குப்பைமேட்டுப் புகை. நெருப்பில்லாமல் புகையாது என்று அப்பா எதற்கெடுத்தாலும் சொல்வார். அங்கே நெருப்பே கண்ணுக்குத் தெரியவில்லை, புகை மட்டும் வருஷம் முழுக்க இருக்கிறது, நானும் வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். யாரிடம் பேசுகிறாள்? தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்குகிறாள். வீட்டுக்காரர்களிடம் யாரும் இப்படி விளக்கமாகப் பேசமாட்டார்கள், வீட்டுக்காரர்களிடம் ம், சரி, வச்சிடறேன், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக்கான மென்பொருள். நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுக் கணக்கில் ஏற்றுகிற பம்பு ஒன்று இருக்கிறது, அதன் சின்னத் திரையில் வரும் வார்த்தைகளும் அதன் கையேடும் உலகத்திலுள்ள பாஷைகளிலெல்லாம் போகவேண்டும். சீனம் என் பொறுப்பு. எனக்குச் சீனம் தெரியாது. ஃபர்ஸானாவுக்கும் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது. தைப்பேயில் ஷூ-ஃபென் என்று ஒரு அம்மாள் இருக்கிறார், அவர் படித்துச் சரி என்றால் சரி. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சீன எழுத்தில் இரண்டு வகை உண்டு என்பது. பழைய முறையில் கோடுகள் நெருக்கி நெருக்கி, பண்டிகை நாளில் டி.நகர் மாதிரி இருக்கும், தைவானிலும் ஹாங்காங்கிலும் அதுதான். கோடுகளைக் குறைத்து எளிமையாக்கியது சீனாவில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபர்ஸானா இதற்குக் குண்டு, ஒல்லி என்று பெயர் வைத்தாள். அதிலிருந்து குழு முழுக்க அப்படியே ஆகிவிட்டது. அக்கா, பதினாலாவது ஸ்கிரீன்ல ஒல்லி நடுவுல ஒரு குண்டு ஏறிடுச்சு. அக்கா, குண்டு பட்டனுக்கு வெளில பிதுங்குது. படிக்கத் தெரியாதவர்கள் ஒல்லியா குண்டா என்று பார்த்தே இத்தனை காலம் தள்ளிவிட்டோம். சில நாள் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தால், அவை என்னைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொள்கின்றன என்று தோன்றும். எனக்கு முன்னால், என் பொறுப்பில், எனக்குப் புரியாமல். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றும்.

இப்போது ஹாங்காங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் பம்பு ஒல்லியில் பேசிவிட்டது. குண்டு வரவேண்டிய இடத்தில் அபாய எச்சரிக்கை முழுக்க ஒல்லி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுளே, ஒன்றும் ஆகவில்லை, ஆனால் புகார் மேலே போய், மேலேயிருந்து பரந்தாமனுக்கு வந்து, பரந்தாமன் காலையில் பெங்களூர் ரயிலிலிருந்து எனக்குப் போன் போட்டார். அவர் எங்கள் மேலாளர், கோபப்படவே மாட்டார், அதுதான் பயம். “ஜெசிந்தா, எப்படி ஆச்சுன்னு அப்புறம் பாக்கலாம். யாருன்னு சாயங்காலத்துக்குள்ள ஒரு பேர் வேணும்னு கேக்கறாங்க. அவங்கள இதுலேர்ந்து எடுத்து பெஞ்ச்ல வச்சாதான் கஸ்டமர் சமாதானமாவாங்க போல.” பெஞ்ச் என்றால் வேலையில்லாமல் சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பது. இளவயதுக்காரிக்கு அது ஓய்வு, ரெண்டு மாதத்தில் வேறு குழு கிடைக்கும். என் வயதில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வாசலுக்குத்தான் போயிருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், கேக் வெட்டி அனுப்புவோம். எப்படி ஆச்சு என்பதுதான் எனக்குத் தெரியுமே. பம்பு போய் ஒரு குறியீட்டைக் கேட்கும். தைவான் பம்பு zh-TW என்று கேட்கும், அந்தப் பெயரில் பெட்டி இருக்கிறது, குண்டு கிடைக்கும். ஹாங்காங் பம்பு zh-HK என்று கேட்கும். அந்தப் பெயரில் பெட்டி இல்லை. பெட்டி இல்லையென்றால் மென்பொருள் இல்லை என்று சொல்லாது, வாலை வெட்டிவிட்டு வெறும் zh என்ற பெட்டியைத் திறக்கும், அதில் இருப்பது ஒல்லி, அதை எடுத்து நீட்டிவிடும். கேட்டது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொன்றைக் கையில் திணிக்கிற கடைக்காரன் புத்தி. அது தெரிந்துதான் நான் ஒரு வரி எழுதிவைத்தேன், என் கையால் எழுதினேன், ஹாங்காங் கேட்டால் தைவானைக் கொடு. அந்த ஒரு வரி இருந்தவரை ஒரு புகாரும் இல்லை. இன்று காலை கோப்பைத் திறந்தால் அந்த வரியைக் காணோம். மேலே உள்ள வரி இருக்கிறது, கீழே உள்ள வரி இருக்கிறது. பல் விழுந்த இடம் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் வருகிறது. யார் எடுத்தது என்று பார்த்தால் எங்கள் பொதுக் கணக்கின் பெயர். இந்த மொழிக் கோப்புகளைக் கையாளும் கருவிக்குக் கம்பெனி ஒரே ஒரு உரிமம்தான் வாங்கியது, அதனால் நானும் ஃபர்ஸானாவும் ஒரே பெயரில்தான் உள்ளே போய் வருகிறோம். ஒரே சாவி, இரண்டு பேர். நான் எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்றால்?

அப்பா செக்கராக இருந்தார். அரசு பஸ்ஸில், நாகர்கோவில் பக்கம். நடுவழியில் கைகாட்டி நிறுத்தி ஏறுவார், ஏறியதும் பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டிக்கெட் எடுத்தவன்கூடப் பையைத் தடவுவான். ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொல்வார், “மக்களே, மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி என்ன வேணும்னாலும் சொல்லும். கையப் பாரு.” டிக்கெட் இல்லாதவன் கை சும்மா இருக்காதாம், கம்பியைப் பிடிக்கும், விடும், பிடிக்கும். நானும் கையைத்தான் பார்க்கிறேன். பால்காரர் கை, வேலைக்கு வரும் அக்கா கை, கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவரின் கை. அது சோம்பேறிக் கையென்று அன்றைக்கே தெரிந்தது, யார் கேட்டார்கள். ஒரு வாரமாக ஃபர்ஸானாவின் கையைப் பார்க்கிறேன். நான் அவள் இருக்கைப் பக்கம் போனால் அவள் கை மவுசுக்குப் போகிறது, ஒரு ஜன்னல் சட்டென்று மூடுகிறது. மூடுவதற்குள் பார்த்துவிட்டேன், ஷூ-ஃபென் படம், அந்தக் கட்டைமுடி, பூனைக் கோப்பை. ஷூ-ஃபென்னோடு இவளுக்கு என்ன தனிப்பேச்சு? தைப்பேக்கு எது போனாலும் என் வழியாகத்தான் போகவேண்டும் என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருக்கிறேன். தலையையும் ஆட்டியிருக்கிறாள். முந்தாநாள் டீ இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள், “அக்கா, அந்த ஹாங்காங் வரி நீங்க எப்ப போட்டீங்க, ஞாபகம் இருக்கா?” புகார் வந்ததே நேற்று. முந்தாநாள் எப்படி அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது? இன்னொன்று. அவள் ஊர் காயல்பட்டினம். அந்த ஊரில் பாதிப்பேருக்கு ஹாங்காங்கில் சொந்தம், ரத்தினக் கல் வியாபாரம் என்று தலைமுறையாக அங்கே போய் வருகிறவர்கள், இவளுடைய பெரியப்பா மகள் அங்கேயே பிறந்து அங்கேயே நர்ஸாக இருக்கிறாள், இவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஹாங்காங்கில் நர்ஸ். ஹாங்காங் ஆஸ்பத்திரியில் புகார். நான் ஒன்றும் முடிச்சுப் போடவில்லை, அது தானாக முடிந்து கிடக்கிறது. இப்போது போனில் இருப்பதும் அந்த நர்ஸாகத்தான் இருக்கும். மடியில் கனமில்லாதவள் ஏன் வராந்தாவில் நின்று பேசவேண்டும்? உள்ளேயே உட்கார்ந்து பேசலாமே, நாங்கள் என்ன கடித்தா தின்றுவிடுவோம்.

சரி, எதற்காகச் செய்வாள். அதைத்தானே முதலில் கேட்கவேண்டும், அப்பாவும் அதைத்தான் கேட்பார். நான் போனால் அடுத்து அந்த இருக்கை இவளுக்குத்தான், குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள், கேன்டீனில் என் காதுபடவே சொன்னார்கள். இன்றைய கூட்டத்துக்கு இவள் கொண்டுவருகிற யோசனையைப் பார்த்தாலே தெரிகிறது. zh-TW என்ற பெயரையே எடுத்துவிடலாமாம். அதற்குப் பதில் zh-Hant. அதாவது ஊரைச் சொல்லாமல் எழுத்தை மட்டும் சொல்வது, பழைய எழுத்து, குண்டு, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். “ஊர் பேரு எதுக்குக்கா, எழுத்துப் பேரு போதும். தைவான், ஹாங்காங், மக்காவ், எவன் கேட்டாலும் குண்டு ஒரே பெட்டிலேர்ந்து போகும். தனியா வரி எழுதவே வேணாம்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் உறுத்துகிறது. வரி எழுதவே வேண்டாம் என்றால் அந்த வரி இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது, யார் எழுதினார், யார் எடுத்தார் எதுவும் இருக்காது, வீட்டை இடித்துக் கட்டினால் சுவரில் கிறுக்கியது யாரென்று கேட்க முடியாதே, அந்த மாதிரி. அதோடு ஊர்ப்பெயர் என்பது சும்மா இல்லை. சீனாவிலிருக்கும் விநியோகஸ்தருக்குத் தைவான் என்ற சொல்லே பட்டியலில் இருக்கக்கூடாது. ஷூ-ஃபென்னுக்கு அது இருந்தே ஆகவேண்டும், வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை, ஆனால் மொழிகளின் பட்டியல் வரும் திரையை அவர் மட்டும் இரண்டு தடவை பார்ப்பார், எனக்குத் தெரியும். அந்த ஊர்ப்பெயரை நான் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இப்போது ஷூ-ஃபென்னே இவள் பக்கம் சாய்ந்துவிட்டாரா? போன வாரம் zh-Hant பற்றிக் கேட்டதற்கு, உங்கள் விருப்பம் எதுவோ அது எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தார். சம்மதம் என்பவர்கள் சம்மதிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள், நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு, கல்யாண வீட்டில் சாப்பாடு நன்றாயிருந்தது என்பதுபோல. அப்படியென்றால் அது சம்மதமா, மறுப்பா? அதையும் யாராவது ஒல்லியாக்கி எனக்குச் சொன்னால் தேவலை.

அப்பா ஒரு கதை சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். தக்கலை தாண்டி ஏறியிருக்கிறார். கைக்குழந்தையோடு ஒரு பெண். டிக்கெட் எடுத்தேன் சார், எடுத்தேன் சார் என்கிறாள், தேடுகிறாள், மடியை உதறுகிறாள், கை நடுங்குகிறது. கை நடுங்கினால் போதுமே. இறக்கிவிட்டார். மழை வேறு. பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், குழந்தை எதையோ மென்றுகொண்டிருக்கிறது, வாயோரத்தில் ரோஸ் நிறத் தாள். டிக்கெட். “கண்டக்டர்ட்ட சொல்லி பஸ்ஸ நிறுத்தலையாப்பா?” என்று கேட்டேன். சட்டப்படி டிக்கெட் கையிலதான் இருக்கணும் மக்களே, பிள்ளை வயித்துல இல்ல, என்று சொல்லி மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, ரசம் ஊற்றினாள். இதெல்லாம் ஏன் இப்போது வருகிறது. நான் ஒன்றும் யாரையும் மழையில் இறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் கேட்கிறார்கள், என்னிடம் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, மிச்சம் இருப்பது என் பெயர். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்வாள், இன்றைக்கு, இந்தக் கூட்டத்தில், ஷூ-ஃபென் முன்னால், அதற்குத்தான் இந்த ஒரு வார ஏற்பாடு. முந்திக்கொண்டவனுக்குத்தான் ஜன்னலோரம். போன் என் மேசையில் சார்ஜில் கிடக்கிறது, லேப்டாப்பிலேயே பரந்தாமனுக்கு எழுதுகிறேன். சார், அந்த வரியை எடுத்தது ஃபர்ஸானாவாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை அழித்தேன். இருக்கலாம் என்றால் கோழை மாதிரி இருக்கிறது. சார், பொதுக் கணக்கில் கடைசியாக வேலை செய்தது ஃபர்ஸானா. அது உண்மையா? உண்மையாகத்தான் இருக்கவேண்டும், நான் செய்யவில்லையே. சார், ஹாங்காங் வரியை எடுத்தது ஃபர்ஸானாதான், எனக்குத் தெரியாமல் ஷூ-ஃபென்னிடமும் பேசி வருகிறாள், விசாரிக்கவும். விசாரிக்கவும் என்ற சொல் நன்றாக வந்திருக்கிறது, அப்பாவின் சொல். கை அனுப்பு பொத்தான் மேல் இருக்கிறது. என் கையைப் பார்க்கிறேன். அது நடுங்கவில்லை, அது ஒரு நிம்மதி. அனுப்பிவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை என்று காட்டுகிறது. ரயில் தாமதம் என்றார், இன்னும் ஜோலார்பேட்டைப் பக்கம்தான் இருக்கும், அங்கே சிக்னல் கிடைக்காது. ஏசியைக் குறைக்க ஒரு நாதி இல்லை.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஃபர்ஸானா வந்தாள், இரண்டு கையிலும் டீ. “அக்கா, உங்களுக்குச் சீனி கம்மியா. மிஷின்ல ஏலக்காய் தீர்ந்துடுச்சு, இஞ்சிதான்.” வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரிமோட்டை எங்கிருந்தோ எடுத்தாள், ஏசியைக் குறைத்தாள், நான் கேட்கவேயில்லை. ரிமோட் இவளிடம்தான் இருந்திருக்கிறது, பார்த்தீர்களா. மணி மூன்று ஆனதும் டிவியில் ஷூ-ஃபென் வந்தார், கட்டைமுடி, பூனைக் கோப்பை, குனிந்து ஒரு வணக்கம். பரந்தாமன் பாதியில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். “அக்கா, உங்க லேப்டாப்லயே ஷேர் பண்ணிடுங்க, என்னுது இதோட ஒட்டமாட்டேங்குது. நான் எல்லாத்தையும் நம்ம பொது இடத்துலதான் வச்சிருக்கேன்.” ஷேர் கொடுத்தேன். என் திரை பெரிதாகச் சுவரில் ஏறியது. அவள் என் மவுசை வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேருக்குமாக ஆங்கிலத்திலும், எனக்கு மட்டும் தமிழிலுமாகப் பேசத் தொடங்கினாள். “அக்கா, மொதல்ல ஒரு சாரி. உங்கள கேக்காம ஷூ-ஃபென் மேடம்கிட்ட ஒரு வாரமா பேசிட்டிருக்கேன். உங்ககிட்ட சொன்னா டென்ஷன் ஆயிடுவீங்க, உறுதியா தெரிஞ்சதும் சொல்லலாம்னுதான். போன வாரம் எங்க ராத்தா, அதான் பெரியப்பா மக, போன் பண்ணா, ஹாங்காங்லேர்ந்து. உங்க பம்பு எங்க வார்டுல வேற எழுத்துல வருதுடின்னா. அப்பதான் கோப்பத் தொறந்தேன். உங்க வரி இல்ல.” புகார் வருவதற்கு முன்பே தெரிந்தது அப்படித்தானா. டீ சுட்டது. வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“யாரோ எடுத்துட்டாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். நீங்களான்னுகூட நெனச்சேன்கா, அதான் அன்னைக்கு டீ மிஷின்ட்ட கேட்டேன். இப்ப பாருங்க.” பழைய கோப்பின் நகல் ஒன்றைத் திறந்தாள். அதில் என் வரி இருந்தது. ஹாங்காங் கேட்டால் தைவான். ஏதோ தொலைந்த பிள்ளையைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கரித்தது, ஒரு வரிக்கு இவ்வளவா. பிறகு கருவியைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள், போன மாதம் பரந்தாமன் சொல்லி நாங்கள் எல்லோரும் கைதட்டிப் புதுப்பித்த அதே கருவி. பட்டை மெதுவாக நகர்ந்தது. முடிந்தது. கோப்பை மறுபடி திறந்தாள். மேலே உள்ள வரி இருந்தது, கீழே உள்ள வரி இருந்தது. நடுவில் இல்லை. “யாரும் எடுக்கலக்கா. புதுசாகும்போது அது கோப்ப தானா அடுக்குது, அதுக்குப் புரியாத வரியெல்லாம் தூக்கிப் போட்டுடுது. சத்தமே இல்ல. கணக்கு நம்ம பேருல இருக்கறதால நாம எடுத்த மாதிரி காட்டுது. பேர் கேக்கறாங்கன்னு பரந்தாமன் சார் உங்கள நோண்டறார்னு தெரியும். பேரே வேணாம், இதக் காட்டினா போதும்.” ஷூ-ஃபென் தலையசைத்தார். நேற்று இவர்கள் இரண்டு பேரும் மாலை முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்களாம். பரந்தாமனின் ரயில் எங்கே இருக்கும். இன்னும் பார்த்திருக்கமாட்டார், கடவுளே, அந்தச் செய்தியை எடுத்துவிடலாம், எடுத்தால் எடுத்ததுதான், பார்க்காதது நடக்காததுதான். ஆனால் எப்படி எடுப்பேன். அரட்டை ஜன்னல் இந்த லேப்டாப்பில் இருக்கிறது, லேப்டாப் சுவரில் இருக்கிறது, மவுஸ் அவள் கையில் இருக்கிறது. போன் என் மேசையில். ஒரு நிமிஷம் வெளியே போய்ட்டு வரேன் என்று எழலாம். எழுந்திரு. எழுந்திரு ஜெசிந்தா. பாதி எழுந்துவிட்டேன். “அக்கா, இத மட்டும் கேட்டுட்டுப் போங்க,” என்றாள். “இப்பதான் வெளிய நின்னு ராத்தாகிட்ட கேட்டேன், ஒல்லி உங்களால படிக்க முடியும்தானே, அப்புறம் என்னன்னு. அவ சொல்றா, படிக்கலாம்டி, ஆனா அலாரம் அடிக்கிறப்ப கண்ணு ஒரு நிமிஷம் நின்னுடுது, நம்ம எழுத்து இல்லையேன்னு. அந்த நேரத்துல நிக்கக்கூடாதுல்ல. இத்தன நாள் அவங்க கண்ண நிக்கவிடாம வச்சிருந்தது நீங்க போட்ட அந்த ஒரு வரிதான்கா. அதான் சொல்றேன், ஊர் பேர மட்டும் நம்பி இருக்க வேணாம், பெட்டிக்கு எழுத்துப் பேரு வைப்போம், இனிமே எந்த வரியும் தொலைய வேணாம். பட்டியல்ல தைவான்னு எழுதறத எழுதுவோம், அதுல கைவைக்க வேணாம்னு ஷூ-ஃபென் மேடத்துக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன், உங்களைக் கேக்காமயே.” சிரித்தாள், அதே சிரிப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தாளே. “அப்புறம் எல்லாரும் சொல்ற மாதிரி உங்க சீட்டுக்கு நான் அடிபோடல. அய்யோ எனக்கு வேணாம்பா அந்தச் சீட்டு, பன்னெண்டு ஊர்க்காரனோட மல்லுக்கட்டணும். நீங்களே இருங்க.”

ஷூ-ஃபென் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார், பொறுப்பாளர் நீங்கள்தான், எந்தக் குறியீடு என்று நீங்கள் சொன்னால் இப்போதே மாற்றிவிடலாம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டு ஓடவேண்டும், மேசைக்கு ஓடவேண்டும், போனை எடுக்கவேண்டும். வாயைத் திறந்தேன். சுவரில், டிவியின் வலது மூலையில், கீழேயிருந்து ஒரு சின்னப் பெட்டி ஏறி வந்தது. பரந்தாமனின் படம். தமிழில்தான் எழுதியிருந்தார், ஷூ-ஃபென்னுக்குப் படிக்கத் தெரியாது, அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஃபர்ஸானாதான் வரியை எடுத்தாங்கன்னு உறுதியா சொல்றீங்களா? அப்போ அவங்க பேரையே மேல குடுத்துடறேன். பெட்டி அவசரப்படவேயில்லை. நின்றது. படித்துமுடிக்கிற அளவுக்கு நின்றுவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். மவுசின் மேல் இருந்த கை அப்படியே இருந்தது, பிடிக்கவில்லை, விடவில்லை, நடுங்கவில்லை. அந்தக் கையை ஒரு வாரமாகப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வாயோரம் ரோஸ் தாளோடு ஒரு குழந்தை மழையில் நிற்கிறது, பஸ் போய்க்கொண்டிருக்கிறது, நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று தெரியாது. ஃபர்ஸானா என்று கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், வெளியே வந்தது zh-Hant என்ற சொல். ஷூ-ஃபென் புன்னகைத்து நன்றி சொன்னார். ஃபர்ஸானா பெட்டியின் பெயரை மாற்றினாள், எழுத்து எழுத்தாக, தப்பில்லாமல். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், ஹாங்காங் திரை வந்தது, குண்டு, வரிசை வரிசையாகக் குண்டு. நாங்கள் வழக்கமாக அந்த இடத்தில் கைதட்டுவோம். அவள் மவுசை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ரிமோட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். தன் டீயை எடுத்துக்கொண்டு எழுந்தாள், வாசல்வரை போனாள், கதவில் கை வைத்தபடி திரும்பினாள். சாரை நான் இப்பவே கூப்பிட்டு விளக்கிடறேன், எல்லாம் என் தப்பு, ஃபர்ஸானா, ஒரு நிமிஷம் நில்லு, எதையும் நான் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“மேடம்,” என்றாள், “உங்க ஸ்கிரீன் இன்னும் ஷேர்லயே இருக்கு. நிறுத்திடுங்க.”